பீரோ சாவி

2003 ஜூலை. எங்கள் சலுகைகளை வெட்டிய அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தோம். ஓசூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என்னையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

அடுத்த வாரம் காலையில் கொழுந்தன் மாதேஷ் வீட்டுக்கு வந்தான். சிப்காட் கம்பெனியில் அவன் சம்பளத்தைப் பாதியாக்கியதிலிருந்து எங்களிடம் சரியாகப் பேசாதவன். அன்று இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

"அண்ணி, பீரோ சாவி உங்ககிட்டயா இருக்குது?"

"எந்த பீரோ?"

"ஆபீஸ் பீரோ. உங்க சீட்டுல டெம்பரவரியா என்னத்தான் போட்டிருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்லியாடா? எங்க வயித்துல அடிக்கறதுக்கு நீதான் கெடச்சியா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. "எங்க சம்பளத்த வெட்டுனப்ப கம்பெனி கேட் முன்னால வெயில்ல உக்காந்திருந்தோம். தெனமும் அந்த வழியாத்தானே பஸ்ல போனீங்க? ஒரு நாளாச்சும் எறங்கி வந்தீங்களா?"

இறங்கவில்லைதான். அதற்காக என் நாற்காலியிலேயா வந்து உட்காருவான்?

"சாவி தரமாட்டேன். போடா."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "பரவால்ல அண்ணி. பூட்ட ஒடைக்கத்தான் சொன்னாங்க. உங்க பூட்டாச்சே, ஒரு வார்த்த கேட்டுட்டு ஒடைக்கலாம்னு வந்தேன்."