வாழ்த்துகள் ரசூல் சார்

கொல்லையில் வேட்டிகளைக் கட்டி மறைத்து அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வாளியோடு மறைப்புக்கு வெளியே வைத்துவிட்டு சுராயா திரும்பியபோது, இடுப்பில் செருகியிருந்த அத்தாவின் போன் அதிர்ந்தது. துக்கம் விசாரிக்க யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தாள்.

'வாழ்த்துகள் ரசூல் சார்! இன்றைய நடை இலக்கை எட்டிவிட்டீர்கள்.' அதற்குக் கீழே கைதட்டுகிற இரண்டு மஞ்சள் கைகள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாக ஊற்றுப்பா, மெதுவாக ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுராயாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கோபம் வந்தது.

அத்தா ரசூல் பாய்க்கு காந்தி மார்க்கெட்டில் சாக்குக் கடை. பழைய சாக்கை வாங்கி, ஓட்டை தைத்து, வெங்காய மண்டிகளுக்குப் போடுகிற வியாபாரம். போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரையையும் தொப்பையையும் வளர்க்கிற வியாபாரிகளைச் சின்னப் பரிசு கொடுத்தால் நடக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். டாக்டர்களும் பொருளாதார வாத்தியார்களும் கூடி உட்கார்ந்து யோசித்த விஷயம். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆளுக்கொரு கறுப்பு ரப்பர் பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். அது நடையை எண்ணி போனுக்குச் சொல்லும். இலக்கை எட்டினால் ரீசார்ஜ் வரும், கூடவே வாழ்த்தும் வரும். அத்தாவுக்கு ரீசார்ஜைவிட வாழ்த்துதான் பிடித்துப்போனது. "நம்மள சார்ங்குறான் பாரு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நீட்டிக் காட்டுவார்.

புத்தூரில் வாழ்க்கைப்பட்ட சுராயா வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்ப்பாள். கொஞ்ச நாளாகவே அவர் கட்டிலில் சாய்ந்தபடிதான் இருந்தார். கேட்டால், "இப்பத்தான் நடந்துட்டு வந்து சாஞ்சேன்" என்பார். போனே வாழ்த்தும்போது மகள் நம்பாமல் என்ன செய்வாள். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, விடியும் முன் அடங்கிவிட்டார். அப்படிக் கிடந்த மனிதர் எப்போது எழுந்து நடந்தார், எந்த இலக்கை எட்டினார்?

தம்பி மன்சூர் ஈரக் கையோடு மறைப்பிலிருந்து வெளியே வந்தான்.

"அத்தா கையில பட்டை இருந்துச்சா?"

"கையில ஒண்ணுமே இல்லக்கா. இப்ப எதுக்கு அது?"

ராத்திரி மருந்துக்கும் பில்லுக்கும் அலைந்தவன் அவன்தான். அவன் சட்டைக் கை மடிப்பையே சுராயா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை ரீசார்ஜுக்கு ஆசைப்பட்டு இவனே கட்டிக்கொண்டு திரிந்தானோ என்று ஓடிய நினைப்பை, மய்யத்து வீட்டில் இப்படியும் புத்தி போகுமா என்று தனக்குத்தானே அதட்டி அடக்கினாள். முழுதாக அடங்கவில்லை. மன்சூர் உள்ளே போனதும், அத்தாவின் போனில் 'காலேஜ் பொண்ணு' என்றிருந்த நம்பரைத் தட்டினாள்.

"எங்க அத்தா மவுத்தாயிட்டாங்க. அவங்க நல்லா நடக்குறாங்கன்னு உங்க ஆளுங்க வாழ்த்து அனுப்புறாங்க. நேர்ல வந்து என்னன்னு சொல்லிட்டுப் போங்க."

மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் அத்தாவைச் சுமந்த சந்தூக் வாசலைத் தாண்டியது. ஆண்கள் எல்லோரும் போய்விட, வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அம்மா ஜெஸிமா உள்ளறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது போட்டிருந்த புர்காவை அவள் இன்னும் கழற்றவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் காலேஜ் பொண்ணு யமுனா வந்தாள். லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்த களைப்போடு, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றாள். சுராயா நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"நீங்களா எழுதிக்குறீங்களா கணக்கு?"

"இல்லக்கா. நாங்க எதையும் எழுத முடியாது. பட்டை சொல்றதுதான் வரும்." யமுனா தன் போனில் எதையோ திறந்து பார்த்தாள். முகம் மாறியது. "நேத்து ராத்திரி பூரா யாரோ நடந்திருக்காங்க. அந்தப் பட்டை, சாரோட போனுக்குப் பக்கத்துலயே இருந்தாத்தான் கணக்கு ஏறும். ராத்திரியும் பக்கத்துல இருந்திருக்கு. இப்பவும் இந்த வீட்லதான் எங்கயோ இருக்கு."

"அத்தா ஐ.சி.யூ.ல கெடந்தாங்க."

"அப்ப வேற யாரோ கட்டியிருக்காங்கக்கா." போனைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள். "எத்தன நாளான்னு தெரியல. போன மாசம் எங்க மெடிக்கல் கேம்ப்ல டாக்டர் இந்தக் கணக்கப் பாத்துட்டுதான், இவ்வளவு நடக்குறாரே, ஈ.சி.ஜி. இப்ப வேணாம்னு அனுப்பினாங்க."

"அப்ப இந்தக் கணக்குதான் எங்க அத்தாவக் கொன்னுருக்கு" என்றாள் சுராயா. குரல் வீடு முழுக்கக் கேட்டது. "யாரு கட்டிக்கிட்டு நடந்தாங்களோ, அவங்கதான் கொன்னுருக்காங்க."

யமுனா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளறைத் திரையை விலக்கி அத்தாவின் தங்கை ரஷீதா மாமி எட்டிப் பார்த்தாள். "சுராயா, உள்ள வாம்மா. கருகமணியையும் வளையலையும் கழட்டணும். ஒங்கம்மா கைய நீட்ட மாட்டேங்குது."

அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். கருகமணியை மாமி ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தாள். சுராயா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் இடது கையைப் பிடித்தாள். கை இறுகிக்கொண்டது. "கழட்டிருவோம்மா" என்று மெல்ல இழுத்து புர்காவின் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டில் வளையல். வளையலுக்கு மேலே, முழங்கைக்குக் கிட்டத்தில், சதையை அழுத்திக்கொண்டு கறுப்பு ரப்பர் பட்டை.

"வாட்சா?" என்றாள் மாமி.

"ஆமா மாமி. நீங்க வெள்ளச் சேலைய எடுத்துட்டு வாங்க."

மாமி போனாள். அம்மா மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"வாசப்படி எறங்குனாலே அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு. நடக்கலேன்னா காலேஜ்லேருந்து கூப்பிட்டு டாக்டர்கிட்ட விட்டுருவாங்க, நெஞ்சத் தொறந்துருவாங்கன்னு ஒரே பயம். அவங்க அண்ணன் பெரியத்தா அப்படித்தானே ஆபரேஷனுக்குப் போயி திரும்பவே இல்ல. நீ கட்டிக்கிட்டு நடன்னாங்க. சாயங்காலம் அசர் தொழுதுட்டு மாடியில நடந்தேன். வாழ்த்து வந்தா என்னா சந்தோஷம் அவங்களுக்கு." அவளுடைய மற்றக் கை பட்டையைத் தடவியது. "நேத்து ராத்திரி கழட்டவே தோணல. ஆஸ்பத்திரியில உக்கார முடியாம, அவங்க போனக் கையில வச்சுக்கிட்டு அந்த வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தேன்."

சுராயா வளையலைக் கழற்றினாள். பிறகு பட்டையைக் கழற்றினாள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது.

"நீ வெளிய சொன்னது கேட்டுச்சு" என்றாள் அம்மா. "நான் நடந்ததாலதான் டாக்டருக்குத் தெரியாமப் போச்சா? அந்தப் பொண்ணுக்குத் தெரியும். கேட்டுச் சொல்லு."

தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்து விழுங்கிவிட முடியுமானால் சுராயா அந்த நிமிஷமே விழுங்கியிருப்பாள். உண்மையைச் சொன்னால் அம்மா இத்தா இருக்கும் நாலு மாசம் பத்து நாளும் அந்த ஒரு வார்த்தையோடு இந்த நாலு சுவருக்குள் இருக்க வேண்டும். இத்தா முடிந்தபிறகும்தான். பட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள். அவள் திரையைத் தாண்டும்போதே, பின்னால் அம்மாவும் எழுந்து அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தது கேட்டது.

யமுனா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"அத்தா கையிலதான் இருந்துருக்கு" என்றாள் சுராயா. "காலையில குளிப்பாட்டுறப்ப கழட்டி வச்சிருக்காங்க. நான்தான் தெரியாம பேசிட்டேன். உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு."

யமுனா உள்ளங்கையில் பட்டையை வாங்கினாள். வாங்கியவள் நிமிர்ந்து சுராயாவைப் பார்த்தாள். பட்டை இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. உள்பக்கத்தில் வேர்வை ஈரம்.

காலையில் தம்பியைக்கூடச் சந்தேகப்பட்ட சுராயா, இப்போது தன்மேல் விழுந்த பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். இவள் கேட்டுவிடுவாள், கேட்காமல் எப்படி விடுவாள், இவள் வேலையே அதுதானே என்று காத்திருந்தாள். யமுனாவின் கண் திரைப் பக்கம் போனது. திரை தரையைத் தொடாமல் சற்று ஏறித் தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு வெறும் பாதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

யமுனா பட்டையைத் துடைக்காமலே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு, எதிரே நிற்பவளிடம் பேசுவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

"இந்தப் பட்டை சும்மா எங்க ஆராய்ச்சிக்குத்தான்க்கா. இதப் பாத்து டாக்டருங்க எந்த முடிவும் எடுக்கமாட்டாங்க. யாரு கட்டுனாலும், யாரு நடந்தாலும், சாருக்கு நடக்க இருந்தது நடந்துதான் இருக்கும்."

சுராயா யமுனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரைக்குக் கீழே பாதங்கள் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெல்ல மடங்கி, பாயில் உட்கார்ந்தன.