மைக் அக்காவின் கழுத்து

பஸ் நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்றுதான் பெயர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவள் சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். வீட்டிலும் அதே குரல்தான். ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டேன், அணைக்கிற பொத்தானைத்தான் காணோம் என்று புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

தாடைக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒரு கட்டி வந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை தின்றாள். அது கோழிமுட்டை ஆனது.

அறுவை டாக்டர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். பக்கவாட்டில் ஆடியது, மேலும் கீழும் நகரமாட்டேன் என்றது. யாராவது ஊசி குத்திப் பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை என்றதும், நல்லவேளை, குத்தியிருந்தால் ரத்தம் லேசில் நின்றிருக்காது என்றார். ஸ்கேன் வந்தபிறகு ஒளிக்காமல் சொன்னார். அபூர்வமாக வருகிற கட்டி, குரலுக்குப் போகிற நரம்பிலேயே முளைத்திருக்கிறது. விட்டால் மண்டை ஓடுவரை ஏறும். எடுத்தால் நரம்பும் சேர்ந்து வரும்.

"அப்ப என் பேச்சு?"

"காத்துதான் வரும்மா. பயிற்சி எடுத்தா கொஞ்சம் தேறும். பழைய குரல் வராது."

லீவு கேட்கப் போனபோது மேற்பார்வையாளர் எழுந்து நாற்காலி போட்டார். அவர் யாருக்கும் நாற்காலி போடுகிற ஆள் இல்லை. நீங்கள் திரும்பி வரும்வரை சமாளிக்கவேண்டுமே, எல்லா அறிவிப்பையும் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போங்களேன் என்றார். துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதுபோல நம் இடத்தை நமக்கே பிடித்து வைக்கிறார் என்று அவள் பூரித்துப் போனாள். ஊர்ப் பெயர்கள், எண்கள், தாமதம், ரத்து, மன்னிக்கவும் எல்லாம் தனித்தனியாகப் பேசினாள். இனிமேல் விடப்போகிற தடங்களையும் தானாகவே சேர்த்துக்கொண்டாள். தொண்டை கட்டியது. வெந்நீர் குடித்துவிட்டு, சுமாராக வந்ததையெல்லாம் மறுபடி பேசினாள்.

ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கட்டி சுத்தமாக வந்துவிட்டது, நரம்போடு. தண்ணீர் குடித்தால் புரையேறியது. வீட்டில் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

"பொத்தான் கிடைச்சிருச்சு," என்றான்.

காயம் ஆறியதும் வேலைக்குப் போனாள். கண்ணாடி அறையில் நாற்காலி இல்லை. ஒரு பெட்டி மட்டும் விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளரிடம் போய், கூட்டிப் பெருக்குகிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். கேட்டதாக அவளுக்குத்தான் தெரியும். அவர் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அவளே கணீரென்று, ஏதோ ஒரு வண்டியின் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் காதருகே கையைக் குவித்தார்.

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க, ஒண்ணுமே கேக்கலை."

ஒலிபெருக்கி ஓயட்டும் என்று நின்றாள். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது.