அறுபத்தைந்துக்குக் கீழே

சத்தத்தை அளப்பது என் வேலை. நகராட்சியில் அதற்கென்று ஒரு பிரிவு இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் எங்களைத் திட்டுவதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். லேத் பட்டறை, ஜெனரேட்டர், மாடியில் நாய் என்று யார் புகார் எழுதினாலும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நான் போய் நிற்க வேண்டும்.

போன வருஷம் ஏரிப் பூங்காவில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க ஒரு பேண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு மனிதர் முதல் வாரமே புகார் எழுதிவிட்டார். ஆகவே நிபந்தனை வந்தது. வேலியோரம் அறுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. வருஷத்துக்குள் மூன்று முறை தாண்டினால் அனுமதி ரத்து, அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. தாண்டிய அன்றைக்கு அளந்தவரே மேடைக்குப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். தாண்டாவிட்டால் பேசாமல் கேட் வழியாக வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு அப்போது பாட்டு என்றாலே ஆகாது. நாள் முழுக்க இரைச்சலில் நின்றவனுக்கு வேண்டியது நாலு சுவரும் ஒரு தலையணையும்தான். ஏரியில் மிதிபடகு ஓட்டுகிறவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள், பாய் விரித்துச் சீட்டாடும் கும்பல் என்று ஊரே சந்தோஷமாக இருக்கும் இடத்தில் நான் மட்டும் மீட்டர் மாட்டிய முக்காலிப் பக்கத்தில் கம்பம் மாதிரி நிற்பேன். மீட்டர் மைக்கின் தலையில் ஒரு பஞ்சுக் குல்லா. நான் இருமக் கூடாது, தும்மக் கூடாது, காலடியில் சரளைக்கல் நெரியக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு தடவை மீட்டர் தாண்டியது. தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு உற்சாகமாகவே நடந்தேன்.

பாட்டுகளின் பெயர் எனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்துநாலு என்று எண்தான் அடையாளம். ஐம்பத்தெட்டு நிதானமான பாட்டு. அது வரும்போது மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை, ஏரியைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்து எப்போது உள்ளே புகுந்ததோ, குளிர் தொடங்கிய ஒரு காலையில் குளித்துக்கொண்டே அதை முணுமுணுத்திருக்கிறேன். மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருங்க?"

அடுத்த சனிக்கிழமை அவளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம்கூட விடவில்லை. அவள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்பாள், நான் நின்றுகொண்டே கேட்பேன். டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் கண்ணை மூடிப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது தடவை தாண்டியது. கடைசிப் பாட்டு, அந்த அறுபத்துநாலு, மேலே ஏறி இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. பேண்டின் தலைவி ஒரு பல் டாக்டர், டிரம்பெட் வாசிப்பவர். நான் வருவதைப் பார்த்ததுமே அவர் முகம் சுண்டிப்போனது.

"இன்னொரு தடவை நீங்க இந்தப் பக்கம் வந்தா நாங்க மூட்டை கட்ட வேண்டியதுதான் சார்."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அளக்கிறவன் அவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்றிலிருந்து எனக்கு வியாழக்கிழமையே சனிக்கிழமைக் கவலை தொடங்கிவிடும். காற்று எந்தப் பக்கம் என்று மாடிக்கு ஏறி ஏறிப் பார்ப்பேன். வேலியை நோக்கி அடித்தால் எண் கூடும். "காத்து என்ன உங்களக் கேட்டா அடிக்கும்?" என்பாள் மனைவி. கடைசிப் பாட்டில் டிரம்பெட் ஏறும் இடம் நெருங்கும்போது மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். எனக்குப் பிடித்த இடமும் அதுதான். அது நன்றாக வர வேண்டும் என்றும் இருக்கும், சத்தமாக வந்துவிடக் கூடாது என்றும் இருக்கும். ரசிப்பதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டா?

வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை. காற்று வேலிப் பக்கம். அறுபத்துமூன்று. அறுபத்துநாலு. புள்ளிக்கு அப்புறம் உள்ள எண் ஓடியது. டிரம்பெட் ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கியது. தாண்டவில்லை! முடிந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது, "ஆஹா!" என்று கத்திக் கை தட்டிவிட்டேன்.

மீட்டரை இன்னும் நிறுத்தவில்லை. மைக் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுபத்தொன்பது.

மனைவி பாயிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். விதிப்படி மேடைக்குப் போயிருக்க வேண்டும். என் கைதட்டலுக்கு அவர்களிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? முக்காலியை மடக்கிக்கொண்டு கேட் வழியாக வெளியே வந்துவிட்டேன். ராத்திரி சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி பதிவை ஓடவிட்டார். மீட்டர் எண்ணை மட்டும் வைத்திருப்பதில்லை, சத்தத்தையும் வைத்திருக்கும். டிரம்பெட் வந்தது, ஓய்ந்தது. அப்புறம் என் "ஆஹா".

"யாரு இது?"

"நான்தான் மேடம். கையும் என்னுதுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இந்த அளவு செல்லாது. வர்ற சனிக்கிழமை வேற ஆள் அளக்கட்டும், இதுக்குப் பதிலா அதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம். இனிமே அந்தப் பூங்கா உங்களுக்குக் கிடையாது. பிடிச்சுப்போன இடத்தை அளக்க முடியாதுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை பாயில் உட்கார்ந்து கேட்டேன். வேலியோரம் விமான நிலையச் சத்தத்தை அளக்கும் பிரிவிலிருந்து வந்த ஒரு அதிகாரி அம்மா, அசையாமல் நின்றார். கடைசிப் பாட்டு ஏறியபோது பழக்கத்தில் குனிந்து பார்த்தேன். பார்க்க என் முன்னால் எண் இல்லை, புல்தான் இருந்தது. கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அதிகாரி முக்காலியை மடக்கினார். கேட்டா, மேடையா? நான் அவர் காலையே பார்த்தேன்.

மேடைப் பக்கம் நடந்தார்.

"போச்சு," என்றேன். மனைவி எழுந்து அந்தப் பக்கம் ஓடினாள். அதிகாரி பல் டாக்டரிடம் ஏதோ கேட்டார். டாக்டர் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். தாள் எதுவும் வெளியே வரவில்லை. அதிகாரி திரும்பி, கேட் வழியாகப் போய்விட்டார்.

மனைவி மூச்சு வாங்க வந்தாள். "தாண்டலையாம். கடைசியா வாசிச்ச பாட்டுக்கு என்ன பேருன்னு கேக்கத்தான் போனாங்களாம்."

"என்ன பேராம்?"

"நீங்களே போய்க் கேளுங்க. ஒரு வருஷமா நம்பரைச் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க."

எழுந்தேன். தாளோடு இரண்டு தடவை நடந்த அதே பாதை. டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், அவர் முகம் மறுபடியும் சுண்டிப்போனது. நான் அங்கேயே நின்று, ஒன்றுமில்லை என்று இரண்டு வெறும் கைகளையும் மேலே தூக்கிக் காட்டினேன்.