ஒரு ஸ்பூன் கெஃபிர்

வீட்டை விட்டுப் போனபோது என் மகள் தன் தையல் மெஷினை விட்டுவிட்டு, கெஃபிரில் பாதியை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றரை வருடம் ஆகிறது.

கெஃபிர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலைப் புளிக்க வைக்கும் மணிகள் அவை. காலிஃப்ளவரை உதிர்த்துப் போட்டதுபோல் இருக்கும், தொட்டால் வழவழக்கும். ஒரு ஸ்பூன் மணிகளை ஆறிய பாலில் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைத்தால் மறுநாள் லேசாக நுரைத்துக் குடிக்கத் தயாராக இருக்கும். வடிகட்டிவிட்டு மணிகளைப் புதுப் பாலில் போட வேண்டும். தினமும். கைக்குழந்தை தேவலாம்.

அவள்தான் யாரிடமோ வாங்கி வந்தாள். எனக்கு அந்த வாடையே ஆகாது. "ஒரு வாய் குடிச்சுத்தான் பாரேம்மா" என்று டம்ளரை நீட்டிக்கொண்டே கட்டிங் டேபிளைச் சுற்றிச் சுற்றி வருவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

இருவரும் சேர்ந்துதான் தையல் கடை நடத்தினோம். அவள் பெயரையும் சேர்த்துப் புதுப் போர்டு மாட்டிய மறுநாள், தூரத்து ஊரில் லேப் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போனா போனதுதான். எனக்கு போன்கூடப் பண்ண வேணாம்" என்றேன். அவளும் என் பெண்ணாயிற்றே, பண்ணவில்லை.

அளவு தப்பு என்று எந்த வாடிக்கையாளரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை. இதில் மட்டும் இறங்கி வருவேனா? ஆனால் ஜாடிக்குப் பால் ஊற்ற ஒரு நாளும் மறக்கவில்லை. மணிகள் பெருகின. தூக்கிப் போட மனம் வராமல் ஒரு ஜாடி மூன்றானது. குடிக்கும் தண்டனை என் வீட்டுக்காரருக்கு. "இது வயிறா, இல்ல தண்ணித் தொட்டியா?" என்று புலம்பிக்கொண்டே குடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குப் போய் மகளோடு பேசிவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்காளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் காது கேட்காத மாதிரி இருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

போன வாரம் ஜாடிக்குத் துணி கட்டும்போது கையோடு கிழிந்து வந்தது. போவதற்கு முன் அவள் லைனிங் துணியில் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து ஓர் அடுக்கு வைத்திருந்தாள். அதில் இதுதான் கடைசி. இனி நான்தான் வெட்ட வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் குரலைக் கேட்டே ஆக வேண்டும் போலிருந்தது.

சும்மா எப்படிக் கூப்பிடுவது? யோசித்து ஒரு பொய்யைத் தைத்தேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். "அம்மா?"

"கெஃபிர் செத்துப் போச்சு" என்றேன் எடுத்த எடுப்பில். "ஞாபக மறதியா கொதிக்கிற பாலை ஊத்திட்டேன். உன்கிட்ட இருக்குறதுல ஒரு ஸ்பூன் அனுப்பி வை. அது இல்லாம உங்கப்பா தொல்லை தாங்கல."

எதிரே டம்ளரும் வெள்ளை மீசையுமாக உட்கார்ந்திருந்தவர், வேண்டாம் வேண்டாம் என்று பதறிக் கையை ஆட்டினார். நான் திரும்பிக்கொண்டேன்.

"எல்லாமே போச்சா?"

"எல்லாம்தான்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்னோடது முதல் மாசமே பூசணம் புடிச்சுப் போச்சும்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். ஒவ்வொரு வாரமும் அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், அம்மா இன்னும் பால் ஊத்துறாளான்னு. ஊத்துறாம்பாரு. அப்ப என்னைய இன்னும் வெறுத்துடலன்னு நினைச்சுக்குவேன்." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

கண் முன்னே மூன்று ஜாடிகளும் நுரைத்துக்கொண்டிருந்தன.

"பொய்டி" என்றேன். "ஒண்ணும் சாகல. மூணு ஜாடி நிக்குது. உன்கிட்ட பேச ஒரு சாக்கு வேணுமேன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான். அன்னிக்கு சொன்னதும் தப்புதான்."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்ப ஒரு ஸ்பூன் அனுப்புறியா?"

"அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கோ."

"வர்றேன்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாள்ல நீ ஒரு வாயாவது குடிச்சியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ வந்து டம்ளர நீட்டு, இந்தத் தடவ ஓட மாட்டேன்."