தண்ணீர் குடிக்கும் கார்

எஞ்சினுக்குள் கேஸ்கட் போயிருந்தால் காரை அலீம் பாயிடம் கொடுத்துவிடுவது என்று என் கணவர் முடிவு செய்திருந்தார். அலீம் பாய் அவரோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். பழைய கார்களை வாங்கிப் பிரித்துப்போடுவதில் அவருக்கு ஓர் ஆனந்தம். ஞாயிறு மாலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"சரி" என்று மட்டும் சொன்னேன். நோரிஸ் ரோட்டில் மாடிவீட்டின் இரண்டு அறைகளில் என் கணவரின் அண்ணன் குடும்பமும் நாங்களும் இருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாராவது விழித்திருப்பார்கள். வீட்டில் அவர் என்னிடம் கேட்பதெல்லாம் சட்டை எங்கே, சாவி எங்கே என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வேறு ஆளாகிவிடுவார். ஆபீசில் யாரோ தும்மியதைக்கூட நடித்துக் காட்டுவார். தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அது கிடைக்கும்வரை எங்களுக்கென்று இருந்த அறை அந்தக் கார்தான். இதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிடக் கூச்சமாக இருக்கும்.

"ஊத்துற தண்ணியெல்லாம் காணாமப் போகுது. கொஞ்ச தூரம் போனாலே கொதிக்குது," என்றார் அவர். "வெளிய ஒழுகினா குழாய மாத்திடலாம். உள்ள ஒழுகினா கேஸ்கட். எஞ்சினையே பிரிக்கணும்."

சனிக்கிழமை இரவு, பின்சந்தில் நின்ற காருக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தோம். காலையில் எல்லாத் தாள்களும் காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு ஈரமாவது இருக்காதா என்று நான் தடவித் தடவிப் பார்த்தேன்.

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தார்.

"கேஸ்கட் போச்சுன்னா இதுல தண்ணி கலந்து, பால் ஊத்தின கோப்பி மாதிரி ஆயிடும்."

"பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாத்தானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே குமிழி வருகிறதா என்று இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். தண்ணீர் அமைதியாக இருந்தது. பின்னால் வெள்ளைப் புகையும் இல்லை.

மூடியை இறுக்கிவிட்டு வெகுநேரம் ஓடவிட்டார். கடைசியில் மெல்லிய குழாய் வழியாக ஆவி சீறி வெளியேறியது.

"ஊத்துன தண்ணியெல்லாம் இப்படித்தான் ஓடுறப்ப ரோட்டுலயே கொதிச்சுப் போயிருக்கு. ஆனா ஏன் கொதிக்கணும்?" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் காரின் முன்னால் நின்று ஒரு செய்தித்தாளை எடுத்து அவருக்கு விசிறினேன். தாள் காரின் முன்கம்பிகளின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உரித்து எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தேன். பொத்தென்று விழுந்தது.

"என்னங்க, ஓரத்துல இழுக்குது. நடுவுல இழுக்கல."

அவர் உடனே எஞ்சினை நிறுத்தினார். சூடு ஆறியதும் டார்ச் அடித்துக் கம்பிகளுக்கு உள்ளே பார்த்தோம். ரேடியேட்டரின் நடுப்பகுதி முழுவதும் சந்தனமும் மஞ்சளும் தூசியும் குழைந்து அடையாக அப்பியிருந்தன. அதற்குள் செவ்வந்தி இதழ்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் காருக்கு மாலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்துச் சந்தனம் வைப்பவர் அவருடைய அண்ணி பாக்கியலட்சுமி. பின்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வண்டிய மூச்சு முட்ட வச்சிருக்கீங்க. எஞ்சின் காத்தாடி உங்க பூவையெல்லாம் இழுத்து இழுத்து அடைச்சிருக்கு. காத்து போகாமத்தான் கொதிச்சிருக்கு."

"காருக்கு நெத்தி எதுன்னு எனக்கெப்படித் தெரியும் தம்பி? நீ சொல்லு, அங்க வைக்கிறேன்." முறத்தை நிறுத்தாமலே சொன்னார். "இத்தனை நாள் நீ எங்கயும் மோதாம வந்தியே, அது யாரு போட்ட பூவாம்?"

அவர் துடைப்பத்தைத் தேடப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி, மெல்லிய தகடுகள் வளையாமல் இதழ் இதழாகக் குத்தி எடுத்தோம். பின்பக்கமிருந்து அவர் தண்ணீர் ஊற்ற, என் கால்மேல் மஞ்சளாக வழிந்தது. மறுபடி எஞ்சினை ஓடவிட்டபோது தாள் நடுவிலும் பச்சக்கென்று ஒட்டி நின்றது. வெகுநேரமாகியும் ஆவி வரவில்லை. எத்தனை நாள் கழித்து இப்படி நிம்மதியாக நிற்கிறேன் என்று தோன்றியது. ஆனாலும் காரைக் கொடுக்கவில்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அலீம் பாய் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன தனா, கேஸ்கட் போச்சா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"இல்ல பாய். வேற என்னமோ அடைப்பு. எடுத்தாச்சு."

"அதனால என்ன லா? பழைய வண்டி, நாளைக்கு வேற ஒண்ணு போகும். கொடுத்துடு."

என் கணவர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"வீட்டுல கொடுக்க வேணாங்குறாங்க, பாய்."

"அப்படியா தங்கச்சி?"

நான் அப்படி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆமாண்ணே," என்றேன்.