ஒரு வருஷம் கூடப் படித்தவள்

பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருஷம் ஆகப்போகிறது, எல்லாரும் ஒருநாள் கூடலாம் என்று ஆரம்பித்துவைத்தவன் லீடர். வகுப்பில் வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்தவன். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஆணி வாங்க வருகிறவர்களைக்கூட, பேசினால் பெயர் எழுதிவிடுவேன் என்கிற மாதிரிதான் பார்ப்பான்.

எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் நரம்பு தேட வேண்டும். ஊசி ஏற்றும்போது கவனம் திரும்பட்டும் என்று எதையாவது கேட்பேன். "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்பதுதான் வழக்கமான கேள்வி. அப்படிக் கேட்டுக் கேட்டே எங்கள் செட்டில் ஆறு பேரைப் பிடித்துவிட்டேன்.

"ரத்தத்தையும் எடுத்துட்டு போன் நம்பரையும் எடுத்துக்கிறியாக்கும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லீடர் கடையில், பெயிண்ட் டப்பாக்கள் மேல் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தோம். முப்பத்தெட்டு பெயர். இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

"குச்சி எங்கடா?"

"அவ பாஸாகலையே. ஸ்கூல் ஆபீஸ்ல அந்த வருஷம் பாஸானவங்க லிஸ்ட்டுதான் குடுத்தாங்க. அத அப்படியே எழுதிட்டேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

குச்சியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக, உயரமாக இருப்பாள். நான் வருவதும் போவதும் தெரியாது என்பதால் என்னைப் பூனை என்பார்கள். கடைசி வருஷம் பரீட்சை முடிவு வந்த அன்று, அறிவிப்புப் பலகையில் அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்தாள். திரும்பவும் மேலே போய் ஓட்டினாள். பின்னால் நான் நின்றிருந்தேன். என் நம்பர் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்புவதற்குள் சைக்கிள் நிறுத்துகிற பக்கத்து வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடியது. அப்புறம் போக வெட்கமாகிவிட்டது. அதற்குள் கல்லூரி திறந்துவிட்டது.

"அவள நான் தேடறேன்" என்றேன் லீடரிடம்.

தேடி மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் நான் ரத்தம் எடுக்கிற நாற்காலியில்தான் தகவல் கிடைத்தது. பள்ளி பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற ஓர் அம்மா சர்க்கரை பார்க்க வந்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டு, நான் படித்த பள்ளியின் பெயரையும் சொன்னேன்.

"நான் எங்கம்மா படிச்சேன்! எங்க பஸ் ஓட்டுற டிரைவரம்மாதான் அந்த ஸ்கூல்ல படிச்சதா சொல்லும். கதவுல குனிஞ்சுதான் ஏறும், அம்புட்டு உயரம்."

மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். மஞ்சள் பஸ்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன. மூன்றாவது பஸ்ஸுக்குள் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி சீட்டுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் துண்டு, ஒற்றைச் சாக்ஸ், கடித்துப்போட்ட பிஸ்கட் எல்லாம் குவிந்திருந்தது. நான் படியில் ஏறி நின்றேன். அவள் நிமிரவே இல்லை.

"சத்தமில்லாம வந்து நிக்கற ஆளு ஒருத்திதான். பூனைதானே?"

"குச்சி" என்றேன்.

சீட்டைத் துடைத்து என்னை உட்காரவைத்தாள். பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரே மகள், நர்ஸாக இருக்கிறாளாம். கொஞ்சம் பேச்சு ஓடியதும் நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நான் உங்க செட்டு இல்லடி. பெயிலான ஆளு."

"அதெல்லாம் யாரு பாக்கறா?"

"கேளு. ஹெட்மாஸ்டர்கிட்ட கெஞ்சி, அடுத்த வருஷம் அதே கிளாஸ்ல திரும்ப உக்காந்தேன். அதுங்க எல்லாம் என்னை அக்கான்னுதான் கூப்பிடும். போன வருஷம் அவங்களும் இப்படித்தான் கூடினாங்க. போட்டோ பாத்தேன். யாருக்கும் என்னைக் கூப்பிடத் தோணல. அக்காவ யாராவது கூடப் படிச்சவன்னு நினைப்பாங்களா? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல, நடுவுல தொங்கறேன்."

அவள் வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு நான் உன்கிட்ட வராம ஓடிட்டேன்" என்றேன்.

"தெரியும். மத்தவங்களுக்குத்தான் நீ பூனை. உன் செருப்பு சத்தம் எனக்குத் தெரியாதா?" துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வாரம் ஜன்னல் பக்கமே உக்காந்திருந்தேன். நீ வருவேன்னு. அப்புறம் எங்கம்மா, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், எழுந்து சாப்பிடுன்னாங்க. எழுந்துட்டேன்."

"என்ன பேசறதுன்னு தெரியலடி."

"என்ன பேசணும்? வந்து சும்மா உக்காந்திருக்கலாம்."

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. கையில் கிடைத்த துணியை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அதுல தொடைக்காத. காலையில ஒண்ணு வாந்தி எடுத்துச்சு, அதத் தொடைச்ச துணி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு டிரிப் நேரம் வந்துவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து, ஹாரன் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினாள்.

நேராக லீடர் கடைக்குப் போனேன். அவன் பேனர் மாதிரியைக் காட்டினான். நாங்கள் பாஸான வருஷம் பெரிய எழுத்தில் இருந்தது.

"இந்த வருஷத்த எடுத்துடு. நாம ஆறாவது சேந்த வருஷத்தப் போடு."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"பாஸான வருஷம்னா பாஸானவங்கதான் வருவாங்க. சேந்த வருஷம்னா எல்லாரும் வரலாம்."

கடைக்கு வந்தவருக்குக் கால் கிலோ ஆணி நிறுத்துக் கொடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப எட்டாவதுல நின்னுபோனானே பம்பரம், அவனும் வரலாமா?"

"வரணும்."

"பஞ்சர் கடையில இருக்கான். நான் அந்தப் பக்கம் வண்டியில போனா ரோட்டையே பாத்துட்டுப் போவேன். ரெண்டு வருஷம் அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்." லீடர் மூக்கை உறிஞ்சினான். "பெயிண்ட் நெடி" என்றான்.

பட்டியல் முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்று ஆயிற்று. நடுவில் நின்றவர்கள், ஊர் மாறியவர்கள், கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பஞ்சர் கடைக்கு லீடரே நடந்து போனான்.

கூடுகிற நாளில் பழைய வகுப்பறையையே திறந்துவிட்டார்கள். பெஞ்சுகள் அப்போது இவ்வளவு சின்னதாகவா இருந்தன என்று எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். உட்கார்ந்த இரண்டு பேரை இழுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குக் குச்சி வந்தாள். மெயின் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல் பேனரையே படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

டீ குடிக்கும்போது, இப்போது பேங்க் மேனேஜராக இருப்பவன் ஒன்றும் தெரியாமல் கேட்டுவிட்டான். "நீ எந்த வருஷம்மா முடிச்ச?"

குச்சி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"உங்களவிட ஒரு வருஷம் கூடப் படிச்சேன்."

முதலில் சிரித்தவன் பம்பரம். அறையே சிரித்தது.

"அப்ப நாங்க போனப்புறம் இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும்" என்றான் லீடர். "கணக்கு சார் நிம்மதியா இருந்திருப்பாரே?"

கணக்கு சார் இறந்து பத்து வருஷம் ஆகிறது. எங்களை ஒருநாள்கூட அவர் பாராட்டியதில்லை. இப்படி ஒரு தறுதலைக் கூட்டத்தைப் பார்த்ததே இல்லை என்பதுதான் அவர் எங்களிடம் கடைசியாகச் சொன்னது.

"நிம்மதியா? அந்த வருஷம் பூரா எங்களைத் திட்டறதுக்கு உங்களைத்தான் இழுப்பாரு" என்றாள் குச்சி. "'போன வருஷப் பிள்ளைங்க தங்கம்டா. அவங்க இருந்தப்ப கிளாஸுக்கு வரவே ஆசையா இருக்கும்'னு சொல்வாரு. லீடர் இருந்தா இந்தச் சத்தம் வருமான்னு கேப்பாரு. பூனை பேப்பரத் திருத்தறதுக்கு சிவப்புப் பேனாவே வேணாம்னு சொல்வாரு."

ஜன்னல் பக்கம் நின்றிருந்த இரண்டு பேர் கிட்டே வந்தார்கள்.

"எனக்கா, முன் பெஞ்சுல உக்காந்துகிட்டு இதெல்லாம் கேக்கறதுக்கு எப்படி இருக்கும்! தலையக் குனிஞ்சுக்குவேன். ஒருநாள் அவரு என் பக்கத்துல வந்து நின்னாரு. மத்ததுங்களப் பாத்துச் சொன்னாரு. 'நம்பலேன்னா இவளப் பாருங்க. அந்தத் தங்கத்துல ஒண்ணு, எனக்காகத்தான் இங்க தங்கியிருக்கு.' அன்னையிலிருந்துதான் படிச்சேன்."

லீடர் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தான். பம்பரம் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். நான் குச்சியின் முழங்கையைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, எப்போதும் தாமதமாக வருகிற பல் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க?"

"நீ உக்காரு முதல்ல" என்றான் லீடர். "குச்சி, இன்னொரு வாட்டி சொல்லு."

குச்சி டீ டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.