மூன்றாவது வாரத்துக் கூட்டம்

விசில் அதே இடத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. துவைத்த துணி நாற்காலி மேல் மலையாகக் கிடக்க, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முந்தின நாள் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவள், கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். பீட் ஏறி ஏறி மூச்சு முட்டுகிற அளவுக்கு வந்து, ஒரு நொடி எல்லாம் அடங்கி, பிறகு அடி மொத்தமாக இறங்குகிற இடம். டிராப் என்பார்கள். அங்கே கூட்டம் ஓவென்று கத்தியது. இடது பக்கம் ஒருவன் விசிலடித்தான். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் மூக்கால் சிரித்தாள். போன வாரமும் அவள் அதே இடத்தில் அப்படித்தான் சிரித்தாள். அதற்கு முந்தின வாரமும். வாராவாரம் ஒரே மாதிரிச் சிரிக்க அவள் என்ன சாவி கொடுத்த பொம்மையா?

ஆட்டத்துக்கான பாட்டை, டிராக்கை, கம்ப்யூட்டரில் செய்வது இவள். சனிக்கிழமைகளில் ஒரு நடனக்கூடத்தில் அதைப் போட்டு ஆளை ஆடவைப்பது இவள் புருஷன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊரே அவனை டிஜே என்றுதான் கூப்பிடும். இவளும் அப்படியே. வார நாட்களில் இவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்து, பீப் கேட்கிறதா, கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இந்த இசையே யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த டிரம் மெஷின்களிலிருந்து, காலிக் கிடங்குகளில் பிறந்ததுதான், அதற்குப் பெரிய ஸ்டுடியோவெல்லாம் வேண்டாம் என்று அவனுக்கு அடிக்கடி சொல்லுவாள். அவனும் முதல்முறை கேட்பதுபோல் தலையாட்டுவான்.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. இவள் பென்டிரைவில் கொடுப்பதை அவன் சனிக்கிழமை போடுவான். பாட்டோடு கூட்டத்தின் சத்தத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து கொண்டுவருவான். எங்கே ஆட்டம் சூடுபிடிக்கிறது, எங்கே சோர்கிறது என்று கேட்டு இவள் அடுத்த வாரத்துக்குள் திருத்துவாள். மூன்று வாரமாக ஒரே ஆரவாரம். அந்த ஆரவாரத்தை நம்பித்தான், நாளைக்கு நிலையத்தை நடத்தும் டாக்டரிடம் போய் வேலையை விடுகிறேன் என்று சொல்வதாக இருந்தாள்.

இவளுடைய அக்கா போன வாரமே போனில் திரி கொளுத்தியிருந்தாள். "சனிக்கிழமையானா செண்ட் அடிச்சிக்கிட்டுப் போறாரு. ஒரு நாளாவது நீ கூடப் போயிருக்கியா? எனக்கென்னவோ சரியாப் படல." அக்காவுக்கு எதுதான் சரியாகப் பட்டது என்று அப்போது சிரித்துவிட்டாள். இப்போது சிரிப்பு வரவில்லை. நடனக்கூடம் என்று ஒன்று இருக்கிறதா? அந்த மூக்குச் சிரிப்புக்காரி யார்?

விசிலைக்கூட விட்டுவிடலாம். அதைவிட மோசமான ஒன்று இப்போது காதில் பட்டது. கூட்டம் கத்தியது டிராப் விழுந்த அதே கணத்தில், இம்மி பிசகாமல். நிஜமான கூட்டத்துக்கு அப்படிக் கத்தத் தெரியாது. நாலு பேர் முந்திக்கொள்வார்கள், நாலு பேர் குடிப்பதை விழுங்கிவிட்டுக் கத்துவார்கள். மென்பொருளில் ஒலித்துண்டை இழுத்துவிட்டால்தான் அது போய்க் கோட்டில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. அவனுக்கு மென்பொருள் கற்றுக்கொடுத்தவளே இவள்தான்.

ஒரு ஒலியின் அலையை மேடு பள்ளமாக, பள்ளம் மேடாகப் புரட்டி அதனுடனேயே சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எங்காவது வித்தியாசம் இருந்தால் அது மட்டும் மிஞ்சும். முதலில் இரண்டு வாரப் பதிவுகளிலிருந்தும் தன் பாட்டை அப்படிக் கழித்தாள். கூட்டம் மட்டும் நின்றது. பிறகு இரண்டாம் வாரத்துக் கூட்டத்தைப் புரட்டி மூன்றாம் வாரத்துக் கூட்டத்தின் மேல் போட்டாள். விசில் போயிற்று. மூக்குச் சிரிப்பு போயிற்று. கூடம் முழுக்க இருந்த ஜனம் சுவடில்லாமல் போயிற்று.

ஆனால் மௌனம் வரவில்லை. ஏதோ சின்ன, அடைத்த இடம். டிக் டிக் என்று கார் இண்டிகேட்டர். அணைக்க மறந்திருக்கிறான். அதற்கு மேல் அவள் புருஷன் குரல், ஒற்றையாக. "போடு, அப்படிப் போடு." தொண்டையைச் செருமினான். வேறு குரலில், யாரோ சின்னப் பையன்போல, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கத்தினான். கை தட்டினான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

அக்கா சொன்ன செண்ட்டும் சந்தேகமும் அந்த நிமிஷமே செத்தன. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. காருக்குள் உட்கார்ந்து ஊரையே நடித்துக்காட்டியிருக்கிறான் மனுஷன். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவன் கத்த வேண்டியிருந்ததென்றால், வேறு யாரும் கத்தவில்லை.

டிஜே துணி மடிக்க வந்தான். அவள் ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டினாள். அவன் கேட்டான். கையில் இருந்த சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நீங்க எப்பலேர்ந்து இத பண்றீங்க?"

அவள் நீங்க என்று ஆரம்பித்தால் கோபம் உச்சத்தில் என்று அவனுக்குத் தெரியும்.

"முதல் வாரம் நிஜமாவே போட்டேன். ஆளுங்க குடிக்கப் போய்ட்டாங்க. இனிமே இது வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ வாசல்லயே நின்னுட்டிருந்த. செருப்பக்கூட கழட்ட விடாம என்னாச்சுன்னு கேட்ட. பிரமாதம்னுட்டேன். அப்புறம் பதிவு எங்கன்னு கேட்ட. எங்கேயோ கிடைச்ச கூட்டச் சத்தத்த ஒட்டிக் கொடுத்துட்டேன்."

"நாளைக்கு நான் வேலைய விடப்போறேன்னு தெரிஞ்சும் நேத்து கார்ல உக்காந்து கத்திட்டு வந்திருக்க."

"இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

இதை நம்புவதா? அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கூசாமல் பொய் சொன்னபோதும் இதே முகம்தான். கோபம் ஒரு பக்கம் இருக்க, அவமானம்தான் அதிகம் எரிந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது என்று இவனும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கூட்டத்தை விட்டுத்தான் சொல்லவைத்தான்.

"முதல் வாரத்து நிஜப் பதிவு இருக்கா?"

இருந்தது. அழிக்க மனம் வரவில்லையாம். ஸ்பீக்கரில் போட்டாள். ஆரம்பத்தில் காலடிகள் பீட்டைச் சுற்றி நெருங்கி நின்றன, பேச்சும் சிரிப்பும் தாறுமாறாக. நிஜமான ஜனம். பிறகு ஒரு ஜோடிக் கால், இன்னொரு ஜோடி, ஒவ்வொன்றாக நகர்ந்தது. டிராப் விழுந்தபோது தூரத்தில் கண்ணாடித் தம்ளர் சத்தம் மட்டும். அவன் எட்டி ஒலியைக் குறைக்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். முதல் ஜோடிக் கால் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்தாள். டிராப்புக்கு ரொம்ப முன்னால், பேஸ் என்கிற அந்தக் கனத்த அடிநாதம் நுழைகிற இடம். அவள் பதினைந்து நாள் தூக்கம் கெட்டுச் செய்த பேஸ்.

"எந்திரி. ஆடு."

"என்னது?"

"நீ இதுக்கு ஆடி நான் பாத்ததே இல்ல. ஆடு."

துணிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவன் நின்றான். அவள் பாட்டை மட்டும் தொடங்கிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். வெறுங்காலோடு, கூச்சத்தோடு ஆட ஆரம்பித்தான். போகப்போகக் கூச்சம் விட்டது, தோள் தளர்ந்தது, கண்ணைக்கூட மூடிக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேஸ் நுழைந்தது. அவன் குதிகால் தரையில் அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முன்னைவிடப் பலமாக ஆடத் தொடங்கினான்.